கறி ஊற்றாத சோறு

தனலெட்சுமிக்கு எங்கே உட்கார்ந்தாலும் தூக்கம் வந்துவிடும். பேருந்தில் வரும், கோயிலில் வரும், செயற்குழுக் கூட்டத்தில் தலைவர் பேச எழுந்தால் சொல்லவே வேண்டாம். ஐம்பத்து நாலு வயசில் இது என்ன அசதி என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் அவளோடு கூடவே அலைந்து பார்க்கட்டும். மறுநாள் அவர்களே விடுப்பு எடுத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

'கைத்துணை சிறுநீரக நலச் சங்கம்' என்று பெயர்ப்பலகை மட்டும் வாட்டசாட்டமாக இருக்கும். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியறைதான் அலுவலகம். சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் வேன் ஓட்டும் கோகுலன், இன்னொருத்தி தனலெட்சுமி. ரசீது எழுதுவது, வங்கிக்கு ஓடுவது, அரசாங்கத்துக்கு ஆண்டறிக்கை அனுப்புவது, நோயாளியின் மகளுக்கு ஆறுதல் சொல்வது, மாடிப்படி கூட்டுவது, ஊரெல்லாம் நன்கொடை கேட்பது எல்லாம் அவள் தலையில்தான். பதவிக்கு 'நிர்வாகச் செயலாளர்' என்று பெயர். பெயருக்கு என்ன குறைச்சல்.

முன்பு அவள் பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் உருப்பெருக்கியில் கண்ணை வைத்துச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளை, கம்பெனி ஒரு நாள் கூப்பிட்டு, இந்தப் பிரிவு வேறு நாட்டுக்குப் போகிறது என்று சொல்லி ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அதே சமயத்தில் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. வாரம் மூன்று தடவை அவரை ரத்தச் சுத்திகரிப்புக்கு ஏற்றிப்போனது இந்தச் சங்கத்தின் வேன்தான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, கொஞ்ச நாளைக்கு வந்து உதவி செய்யம்மா என்று கேட்டார்கள். நன்றிக்காகப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. கல்யாணப் பேச்சு தொழிற்சாலைக் காலத்திலேயே ஓய்ந்துபோயிற்று. அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். வீடு திரும்பினால் ஒரு பாக்கெட் மீ நூடுல்ஸை வெந்நீரில் போட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். சமைக்கத் தெரியாமல் இல்லை. நின்று சமைக்கக் காலில் தெம்பு இருப்பதில்லை.

சங்கத்துக்கு ஒரே வேலை. பாலிக் புலாவ் பக்கத்து நோயாளிகளை மலைப்பாதை வழியாக டவுனுக்குக் கொண்டுவந்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வீட்டு வாசலில் விடுவது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். உடம்பு ரத்தமெல்லாம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வந்த களைப்போடு அந்த வளைவுப் பாதையில் பஸ் பிடித்துப் போனவர்களைக் கேட்டால்தான் தெரியும். டாக்சிக்குக் கொடுக்க அவர்களிடம் வழி இல்லை. வேன் வராவிட்டால் சிகிச்சை இல்லை. சிகிச்சை தொடர்ந்து தவறினால் ஆள் இல்லை. 

அந்த வேனின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். அதன் பக்கக் கதவு கோகுலன் கைக்கு மட்டும்தான் திறக்கும். மலை ஏறும்போது ஏசியை அணைத்துவிடுவான். உள்ளே இருக்கிறவர்கள் தாங்கள் மூச்சைப் பிடித்தால் வேனுக்குப் பாரம் குறையும் என்பதுபோல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சக்கர நாற்காலியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி ஏற்ற வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருத்தி தனலெட்சுமி. அவள் இடுப்பு வலிக்கு மருத்துவர் சொன்ன மருந்து, பாரம் தூக்காதே என்பது. நல்ல மருந்துதான், யார் கொடுப்பது?

நாற்காலியைத் தானே ஏற்றும் தூக்கிக் கருவி பொருத்திய புது வேன் வேண்டும். சாதாரணத் தொகை இல்லை, லட்சம் வெள்ளியைத் தாண்டும். சங்கத் தலைவர் நல்லமுத்துவுக்குத் தெரிந்த ஒரே வழி விருந்து. குத்தகைத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் இல்லை, மேடை என்றால் கொஞ்சம் உயிர். வருஷா வருஷம் ஒரு மண்டபம் எடுத்து, மேசைக்குப் பத்துப் பேர் என்று விற்று, பாட்டுக்காரரை வரவழைத்து, வந்தவருக்கெல்லாம் பொன்னாடை போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொள்வார்கள். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் பொன்னாடைக்கும் கொடுத்தது போக, மிஞ்சுவது வேனுக்கு எண்ணெய் ஊற்றவும் டயர் மாற்றவும் சரியாக இருக்கும். அந்த மேசைகளை விற்க மாதக் கணக்கில் கடை கடையாக ஏறி இறங்குகிறவள் தனலெட்சுமி. "போன வருஷந்தானே வாங்குனோம்?" என்று கேட்காத ஆள் இல்லை.

ஒரு நாள், சின்னச் சங்கங்களுக்கு என்று ஓட்டலில் இலவசப் பயிற்சி நடத்தினார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்பதாலும் குளுகுளு அறையில் உட்காரலாம் என்பதாலும் தனலெட்சுமி போனாள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஷாஹிரா என்ற பெண் பாடம் நடத்தினாள். ஐம்பது பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குவதைவிட, மனசு உள்ள ஒருவரிடம் பெரிதாகக் கேளுங்கள் என்றாள். அவசரப்படாதீர்கள், அவருடைய இடத்துக்கே போய்ப் பழகுங்கள், உங்கள் வேலை அவருக்குப் புரிந்த பிறகு நேருக்கு நேர் கேளுங்கள் என்றாள். தனலெட்சுமிக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கை தூக்கினாள்.

"பழகுறதுக்கு ஆள் வேணுமே. எங்க சங்கத்துல நானும் டிரைவரும்தான்."

"அப்ப ஒரே ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க அக்கா," என்றாள் ஷாஹிரா.

அந்த ஒரே ஒருத்தரைக் காட்டிக்கொடுத்தவன் கோகுலன். டவுனில் ஒரு சந்து முனையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீம், பழைய குடும்பம், மூன்று தலைமுறையாக அதே இடத்தில் வியாபாரம். அவருடைய மனைவி சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். "நல்ல மனுஷன்க்கா. அவருக்குத் தெரியும் இந்தக் கஷ்டம்," என்றான் கோகுலன்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியானக் கூட்டம் கலைந்த நேரத்தில், கோகுலன் அவளைக் கடை வாசலில் வேனிலிருந்து இறக்கிவிட்டான். சங்கத்தின் முழுக்கைச் சட்டை, தோளில் துணிப்பை, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம். கல்லாவில் இருந்த ரஹீம் நிமிர்ந்து வேனைப் பார்த்தார், அதன் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வணக்கம்ணே. நான் கைத்துணை சங்கத்துலேருந்து வர்றேன்."

"தெரியுதும்மா," என்று அவர் பரபரவென்று எழுந்தார். "நிக்காதீங்க, உட்காருங்க. பசியாறியாச்சா? சாதிக், இங்க பாரு!"

சோறு பரிமாறும் சாதிக்கிடம் அவர் காதோடு ஏதோ சொன்னார். தட்டு வந்தது. அந்தக் கடைக்கு ஊரில் பேரே கறிக்குத்தான். நாலு வகைக் கறியைச் சோற்றின் மேல் வெள்ளமாக ஊற்றுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிற கடை. தனலெட்சுமிக்கு வந்த தட்டில் கொஞ்சம் சோறு, உப்புக் குறைவாக ஒரு துண்டு பொரித்த கோழி, வெள்ளரிக்காய், கோஸ். கறி, சோற்றின் ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு கரண்டி. தே கேட்டாள், அரைக் கிளாஸ் டீதான் வந்தது. பசியில் அதையும் சாப்பிட்டாள். எழுந்து பணத்தை நீட்டினால் ரஹீம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உங்ககிட்ட வாங்குறதா? சும்மா போங்க தங்கச்சி. அடுத்த வாரமும் வாங்க."

அங்கேதான் வந்தது வினை. ஷாஹிராவின் பாடத்தில் எல்லாம் இருந்தது, இது இல்லை. ஒரு மனிதர் சோறு போட்டு, காசும் வேண்டாம் என்று சொன்ன பிறகு, அந்த வாயைத் துடைத்துக்கொண்டு அவரிடமே லட்சம் வெள்ளி வேன் கேட்பதா? அப்படிக் கேட்கிற வாய் தனலெட்சுமிக்கு அமையவில்லை. அடுத்த வாரம் சாப்பிடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனாள். வேன் வந்து நிற்பதற்குள் சாதிக் தட்டை வைத்துவிட்டிருந்தான். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று ஒரு தடவை பொய் சொல்லிப் பார்த்தாள். "முகத்தைப் பாத்தா தெரியலியாம்மா?" என்று ரஹீம் உட்கார வைத்துவிட்டார். சங்கத்தின் துண்டு வெளியீட்டைக் கொடுத்தாள். மரியாதையாக வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டு, "அல்லா லேசாக்கி வைப்பான்," என்றார். சங்கத்தின் கஷ்டத்தைத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.

வாரங்கள் மாதங்களாயின, மாதங்கள் வருஷமாயின. பகலில் கடை அடைத்திருக்கும் நோன்பு மாதத்தில் மட்டும் அவள் போவதில்லை. கறி மட்டும் ஒரு கரண்டிக்கு மேல் ஏறவே இல்லை. பக்கத்து மேசையில் யாரோ பெயர் தெரியாத ஆளுக்குத் தட்டு நிரம்பக் கறி வழியும். அவளுக்கு மட்டும் வறட்டுச் சோறும் அரைக் கிளாஸ் தேயும். இலவசச் சோற்றுக்கு இவ்வளவுதான் மரியாதை போல என்று மனசு சுருங்கும். செயற்குழுவில் நல்லமுத்து கேட்டார்.

"என்னம்மா, உங்க ரஹீம் பாய் என்ன சொல்றாரு?"

"இன்னும் கேக்கல சார். பழகிக்கிட்டு இருக்கேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"முழு கிளாஸ் தே கொடுக்கட்டும், அப்புறம் வேன் கேக்குறேன்," என்றாள் எரிச்சலோடு. எல்லோரும் சிரித்தார்கள். பேசாமல் இந்த வருஷமும் மேசை விற்கலாம் என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள். அன்றைக்குக் கடைசிப் பேருந்தில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

நோன்பு மாதம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வேன் மலைப்பாதையில் நின்றுவிட்டது. புகைந்து, இருமி, வளைவில் குறுக்காக நின்றது. உள்ளே நாலு நோயாளிகள். மழை வேறு. கோகுலன் என்னென்னவோ செய்து பார்த்தான். வேறு வண்டி ஏற்பாடு செய்து டவுனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்களுடைய முறை போய்விட்டது. அந்த வாரம் முழுக்க வேன் பெங்கெல் பட்டறையில் கிடந்தது. மற்ற நோயாளிகளை, கெஞ்சிக் கூத்தாடி, யார் யார் காரிலோ அனுப்பிவைத்தாள். அன்றைக்கு வேனில் இருந்த வள்ளியம்மாவை மட்டும் முடியவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறவளைச் சின்னக் காடியில் எப்படி ஏற்றுவது? ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த உடம்பு, வாட்டசாட்டமாக இருப்பாள். இரண்டாவது முறையும் தவறிய அன்று நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

தனலெட்சுமி போய்ப் பார்த்தபோது வள்ளியம்மா மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

"வேன் சரியாயிருச்சா?" என்று அதைத்தான் முதலில் கேட்டாள்.

"ஆயிருச்சுக்கா."

"பொய் சொல்லாத. உன் மூஞ்சி பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ மட்டும் வராமப் போயிராத, தனம். எனக்கு உங்களை விட்டா வேற ஆளு இல்ல."

மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனலெட்சுமி அழுதாள். ரெண்டு வருஷம் ஒரு மனிதருக்கு எதிரே உட்கார்ந்து கோஸைத் தின்றிருக்கிறாள். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூச்சமாம். அந்தக் கூச்சத்துக்கு விலை வள்ளியம்மாவின் மூச்சு. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நோன்பு தொடங்கிவிட்டது. வியாழக்கிழமைக்குக் காத்திருக்காமல், சிகிச்சை நிலையத்திலிருந்து நேராக ரஹீமின் கடைக்கு நடந்தாள். காலை வெயில் சுள்ளென்று அடித்தது. கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். நாற்காலிகளையெல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கறிச் சட்டிகள் காலியாக வரிசையில் இருந்தன. சாதிக் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். ரஹீம் தொப்பியோடு கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு சங்கடம்.

"அடடா, தங்கச்சி. அடுப்பே இன்னும் பத்த வைக்கலையேம்மா. சாயங்காலந்தான் சோறு. பிஸ்கட் ஏதாச்சும் இருக்கா பாரு சாதிக்."

"வேணாம்ணே. நான் சாப்பிட வரல."

"பின்னே?"

அந்தக் கடைக்குச் சாப்பிடாமல் யாராவது வருவார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தட்டு இல்லை, தே இல்லை, நடுவில் ஒன்றும் இல்லை. இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தனலெட்சுமிக்குத் தெரிந்தது. நின்றபடியே கேட்டாள்.

"அண்ணே, எங்க சங்கத்துக்கு ஒரு வேன் வேணும். நோயாளிங்களை ஏத்துற வேன். பழசு செத்துப்போச்சு. நீங்க வாங்கித் தருவீங்களா?"

ரஹீம் அவளையே பார்த்தார். "ஏம்மா, இதைக் கேக்கச் சொல்லி சங்கத்துக்காரங்க உங்களையா அனுப்புனாங்க? ஒடம்பு முடியாத ஆளையா?"

"எனக்கு என்னண்ணே? நான்தான் சங்கம்."

"நீங்க..." அவர் எழுந்தே விட்டார். "நீங்க கிட்னி பேஷண்ட் இல்லியா?"

தரை கழுவிக்கொண்டிருந்த சாதிக் கையில் துடைப்பத்தோடு நிமிர்ந்தான்.

"நானா?"

"அந்த வேன்லேருந்துதானேம்மா வாராவாரம் இறங்குறீங்க? வெளுத்த முகம், முழுக்கைச் சட்டை. ஊசி குத்துன கையை மறைக்கத்தான்னு நெனச்சேன். எம் பொஞ்சாதியும் அப்படித்தான் மறைப்பா. சங்கத்துலேருந்து வர்றேன்னு சொன்னீங்க, சங்கம் கூட்டிக்கிட்டு வர்ற ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கறி ஊத்தாதே, பருப்பு வைக்காதே, உப்பு வேணாம், தே அரை கிளாஸுக்கு மேல கொடுத்தா தண்ணி கோத்துக்கும்னு இவன்கிட்ட வாராவாரம் சண்டை போட்டேனேம்மா. அவளுக்கு எப்படி வைப்பேனோ அப்படித்தான் உங்களுக்கும் வைக்கச் சொன்னேன். காசு எப்படிம்மா வாங்குறது? அதை சதக்காவா நெனச்சுத்தான் போட்டேன்."

தனலெட்சுமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. பெரிய நன்கொடையாளரோடு பழகுகிறேன் என்று அவள் ரெண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். அவர் ரெண்டு வருஷமாக அவளுக்குத் தர்மம் செய்துகொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கையேந்திச் சாப்பிட்டவள் ஆகிவிட்டேனே என்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் போடுவது? அவளுக்கு நோய் இல்லை என்பது ஒன்றுதான் அவர் கணக்கில் தப்பு. பசியோடு வருகிறாள், கேட்க ஒரு ஆள் இல்லாமல் இருக்கிறாள் என்று அவர் கண்டது சரிதான். சங்கத்தில் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவளை, நீ சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. இங்கே வாரத்துக்கு ஒரு தடவை கேட்டார்கள். ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

ரஹீம் இன்னொரு நாற்காலியை இறக்கிப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இதை முதல் நாளே கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்க சோறு போட்டுட்டீங்களே அண்ணே. காசும் வாங்க மாட்டேன்னுட்டீங்க. சாப்பிட்ட வாயால எப்படிக் கேக்குறது?"

"காசு வாங்கியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருப்பேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "எம் பொஞ்சாதி மௌத்தானப்ப, அவ பேருல ஏதாவது செய்யணும்னு கொஞ்சம் எடுத்து வெச்சேன். யாராவது வந்து கேப்பாங்கன்னு பாத்தேன், யாரும் வரல. போன வருஷம் சிம்பாங் அம்பாட்டுல மகனுக்குக் கடை போட்டேன். அதுல பாதி போயிருச்சு."

போன வருஷம் முழுக்க அவள் இங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வள்ளியம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னாள். எதையும் பூசி மெழுகாமல், தன் கூச்சத்தால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பேசப் பேச அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மீதிப் பாதி இருக்கு," என்றார். "அது உங்களுக்குத்தான். இன்னொரு பாதிக்கு என் கூடப்பொறந்த தங்கச்சிகிட்ட போவோம், சித்தி ஹாஜரான்னு பேரு. அவ மாப்பிள்ளை விட்டுட்டுப் போன ஜாதிக்காய்த் தோட்டம், பாலிக் புலாவ்ல. அதை வித்த காசு சும்மா கெடக்கு. எழுந்திரிங்க."

"இப்பவேவா? அவங்க நோன்பு நேரத்துல..."

"நோன்பு நேரத்துலதான் போகணும். மஃரிபுல நோன்பு தொறந்தப்புறம் போனா அவ சோறு போட்ருவா. நீங்க மறுபடியும் வாயை மூடிக்குவீங்க."

ரஹீமின் காடியில் ஏறி உட்கார்ந்ததும் தனலெட்சுமி தூங்கிப்போனாள். பாயான் பாருவில் தங்கை வீட்டு வாசல் வந்த பிறகும் அவர் எழுப்பவில்லை. நிழல் பார்த்துக் காடியை நிறுத்திவிட்டு, அவளே விழிக்கும்வரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு காத்திருந்தார்.

சித்தி ஹாஜரா சமையலறையில் நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கணீரென்ற குரல், கறாரான பார்வை. அண்ணனோடு ஒரு அந்நியப் பெண்ணைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாகக் குளிர்பெட்டியைத் திறந்தார்.

"உங்களுக்கு நோன்பு இல்லியே. ஒரு வாய் சிராப் தண்ணி குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"கொடுக்காதே!" என்று ரஹீம் கத்தினார். "மொதல்ல அவங்க கேட்டு முடிக்கட்டும்."

அம்மையார் திகைத்துப்போய்க் கிளாஸைப் பிடித்தபடி நின்றார். தனலெட்சுமி கேட்டாள். துண்டு வெளியீடு இல்லை, படம் இல்லை, ஷாஹிரா சொல்லிக்கொடுத்த எதுவும் நினைவில் இல்லை. மலைப்பாதையில் வேன் நின்றதைச் சொன்னாள். நாற்காலியைத் தூக்கும்போது தன் இடுப்பு என்ன ஆகிறது என்பதைச் சொன்னாள். இனிமேல் தூக்க முடியாது, அசந்துபோய்விட்டேன் என்பதையும் சொன்னாள். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சித்தி ஹாஜரா கிளாஸை வைத்துவிட்டு மறுபடியும் வெங்காயத்தை நறுக்கினார். "அந்த ரோடு எனக்குத் தெரியும்," என்றார். "சும்மா ஒடம்போட போனாலே கொடலைப் புரட்டும். எங்க மைனிக்கும் இதே சீக்குதான். காடி இருந்துச்சு, கூட அண்ணன் இருந்தாரு. அப்பவே டாக்டர்கிட்ட போயிட்டு வந்தா வாசப்படியிலேயே உட்கார்ந்துருவாங்க. உள்ள வர்றதுக்கு அரை மணி ஆகும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தின்மேல் பழி போட வசதியாக இருந்தது. "தரேன். ஆனா பேரு கீரு எதுவும் எழுதக் கூடாது. மேடைக்குக் கூப்பிடக் கூடாது. எம் பேரும் வேணாம், அண்ணன் பேரும் வேணாம், மைனி பேரும் வேணாம். படைச்சவனுக்குத் தெரிஞ்சா போதும்."

"சரிங்கம்மா."

"இன்னொண்ணு. நோன்பு தொறக்குற வரைக்கும் இருந்து கஞ்சி குடிச்சிட்டுத்தான் போகணும்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "இப்பக் கொடுக்கலாமா இந்தத் தண்ணியை?"

நல்லமுத்துவுக்குத்தான் இதைத் தாங்க முடியவில்லை. பெயர் இல்லாமல் எப்படி, படம் இல்லாமல் எப்படி, இவ்வளவு பெரிய தொகைக்கு ஒரு பொன்னாடைகூடவா இல்லை என்று செயற்குழுவில் மாய்ந்து மாய்ந்து கேட்டார். மாதிரிக் காசோலைக்கு அளவு கொடுத்துவிட்டாராம். பொன்னாடையை மடித்து வையுங்கள் சார், அடுத்த விருந்துக்கு ஆகும் என்று தனலெட்சுமி சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் கூட்டத்திலும் தூங்கினாள்.

வேன் வந்து சேர்வதற்குப் பெருநாள் முடிந்து வெகுநாள் ஆயிற்று. அந்த அனுமதி, இந்தப் பதிவு, தூக்கி பொருத்த இன்னொரு அனுமதி என்று எல்லா அலைச்சலும் அவளுக்கே. முதல் நாள், வள்ளியம்மா நாற்காலியோடு மெல்ல மேலே ஏறியபோது, கோயில் தேரில் ஏறினவள் மாதிரி நாலு பக்கமும் பார்த்துக் கும்பிட்டாள். தனலெட்சுமி கையைக் கட்டிக்கொண்டு கீழே நின்றாள். தூக்குவதற்கு ஒன்றும் இல்லை என்பதைக் கைகள் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த வியாழக்கிழமை புது வேனிலிருந்து ரஹீமின் கடை வாசலில் இறங்கினாள். சாதிக் அவளைப் பார்த்ததும் தட்டை எடுத்தான். மலைபோல் சோற்றைப் போட்டு, ஆட்டுக்கறி, மீன் கறி, கோழிக் கறி, பருப்பு என்று கரண்டி கரண்டியாக ஊற்றினான். தட்டில் வெள்ளம். கிளாஸில் தே விளிம்பு வரைக்கும் நுரைத்தது. தனலெட்சுமி தலை நிமிராமல் சாப்பிட்டாள். ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கடைச் சாப்பாட்டின் ருசி அவளுக்குத் தெரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு கல்லாவுக்குப் போய் ஒரு நோட்டை வைத்தாள்.

ரஹீம் வழக்கம்போல் கையைப் பின்னால் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்துக் கல்லாவில் போட்டு, மீதியை ஒழுங்காக எண்ணிக் கொடுத்தார்.

"அண்ணே," என்றாள் தனலெட்சுமி. "காசு கொடுத்துட்டேன். இப்பக் கேக்கலாம்ல? வேனுக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டணும். ரோட் டாக்ஸ் இருக்கு. தூக்கிக்கு சர்வீஸ் இருக்கு."

ரஹீம் கல்லாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சாதிக்," என்று உள்பக்கம் குரல் கொடுத்தார். "அடுத்த வாரத்துலேருந்து இவங்ககிட்ட காசு வாங்காதேலா."

தனலெட்சுமி மீதிச் சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டு, பதிலுக்காக அங்கேயே நின்றாள்.